மேடா, மலையா, முகடா? – வாசகர் கேள்வி பதில்

பள்ளத்தாக்கு என்கிற ஒரே ஒரு சொல்லுக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று யார் நினைத்தார்கள்! மதுரை வாசகி ஒருவர் ஆரம்பித்து வைத்தார். அவர் கேள்வியைப் போன இதழில் போட்டு, ‘பதில் அடுத்த முறை’ என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்ததுதான் தாமதம், ஆளாளுக்குத் தங்கள் ஊர்ப் பள்ளத்தையும் மேட்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அதனால் இந்த முறை சினிமா, அரசியல், ஜோசியக் கேள்விகளுக்கு லீவு.

கேள்வி (வாசகி, மதுரை): என் பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். தமிழ்த் தேர்வில் ‘பள்ளத்தாக்கு – எதிர்ச்சொல் எழுதுக’ என்று ஒரு மார்க் கேள்வி. இவன் ‘மலை’ என்று எழுதியிருக்கிறான். டீச்சர் அதை அடித்துவிட்டு ‘மேடு’ என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறார். என் மாமனாரோ இரண்டும் இல்லை, ‘சிகரம்’தான் சரி என்கிறார். யார் பக்கம் நியாயம்?

பதில்: மாமனாரை முதலில் சமாளித்துவிடுவோம். சிகரம் மலையின் உச்சி, அது ஒரு முனை. பள்ளத்தாக்கு ஊரும் வயலும் ஆறும் அடங்கிய நீள அகலமுள்ள நிலம். சிகரத்துக்கு எதிர் வேண்டுமானால் அடிவாரத்தைத்தான் சொல்ல வேண்டும். ‘வெற்றியின் சிகரம், தோல்வியின் பள்ளத்தாக்கு’ என்று மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும், அதற்குமேல் அந்த ஜோடியில் ஒன்றும் இல்லை என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

டீச்சர் எழுதிய மேடு, பள்ளத்துக்கு எதிர். அதில் சந்தேகமே கிடையாது, ‘மேடு பள்ளம்’ என்று ஜோடியாகத்தானே வாயில் வருகிறது. ஆனால் வினாத்தாளில் கேட்டது பள்ளம் இல்லையே, பள்ளத்தாக்கு. மழைக்கு ரோடு பெயர்ந்து பைக் சக்கரம் இறங்குகிற குழியும் பள்ளம்தான், அதைக் கிண்டலுக்குத் தவிர யாரும் பள்ளத்தாக்கு என்று சொல்வதில்லை. பள்ளத்தாக்கு என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு பக்கமும் உயரம் வேண்டும், நடுவில் தாழ்ந்த நிலம் நீளவாக்கில் கிடக்க வேண்டும், பெரும்பாலும் அதில் ஒரு ஆறு ஓட வேண்டும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது, கம்பம் பள்ளத்தாக்கு. குமுளியில் பஸ் ஏறி லோயர் கேம்ப் பக்கம் இறங்கும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பையனை அங்கே உட்கார வையுங்கள். வளைவுகளில் திரும்பத் திரும்ப, கீழே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர்கள் வரிசையாக விரியும், நடுவே முல்லையாறு, அதையொட்டி நெல் வயல், கொஞ்சம் தள்ளிப் பந்தல் போட்ட திராட்சைத் தோட்டம் (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை இந்தப் பக்கத்துச் சரக்குதான்). மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. இரண்டும் இரண்டு சுவர் மாதிரி நிற்க, இடையில் ஒரு சீமையே படுத்திருக்கிறது. இதற்கு எதிர் என்ன என்று கேட்டால், ‘மேடு’ என்கிற சொல் இங்கே சின்னதாகப் போய்விடுகிறது. வரப்பும் மேடு, குப்பைக் குவியலும் மேடு.

பையன் எழுதிய மலை எவ்வளவோ தேவலை. பேச்சில் நாம் எதிரெதிராக வைப்பதும் மலையையும் பள்ளத்தாக்கையும்தான். ஆனால் அச்சு அசலாக எதிர் வேண்டுமென்றால் நான் முகடு என்பேன், மலைமுகடு. இரண்டு உயரத்துக்கு நடுவில் நீளமாகத் தாழ்ந்து கிடப்பது பள்ளத்தாக்கு, இரண்டு தாழ்வுக்கு நடுவில் நீளமாக உயர்ந்து நிற்பது முகடு. பள்ளத்தாக்கு இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் தன்னிடம் சேர்க்கும், முகடு தன்மேல் விழுகிற தண்ணீரை இரண்டு பக்கமும் பிரித்து அனுப்பும். குமுளிப் பக்கத்து முகட்டில் இந்தப் புறம் விழுகிற மழை முல்லையாறு, வைகை என்று கிழக்கே போகிறது, அந்தப் புறம் விழுவது பெரியாற்றோடு அரபிக் கடலுக்குப் போக வேண்டியது. போக வேண்டியதை மறித்து, 1895-ல் முடிந்த பெரியாறு அணையில் தேக்கி, அதே முகட்டை 5,000 அடிக்கு மேல் சுரங்கமாகக் குடைந்து இந்தப் பக்கம் கொண்டு வந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கு இன்றைக்குப் பச்சையாக இருப்பதற்கு அந்த ஓட்டை பெரிய காரணம்.

சரி, மார்க் விஷயத்துக்கு வருவோம். பள்ளத்தாக்கு எதிர்ச்சொல் கேட்கத் தோதான சொல்லே இல்லை என்பது என் அபிப்பிராயம். பகலுக்கு இரவு, உயர்வுக்குத் தாழ்வு என்பது போல எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் எதிரே ஒன்று உட்கார்ந்திருப்பதில்லை. நாற்காலிக்கு எதிர்ச்சொல் என்ன? கேட்டுவிட்ட பிறகு ‘மலை’ எழுதிய குழந்தைக்கு மார்க் கொடுத்துவிடுவதுதான் முறை.

கேள்வி (வாசகர், கும்பகோணம்): பள்ளம் புரிகிறது. பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘தாக்கு’ எங்கிருந்து வந்தது? யாரை யார் தாக்கினார்கள்?

பதில்: கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! உங்கள் பக்கத்தில் நிலம் விற்கிறவர்கள் ‘ஒரே தாக்கில் பத்து ஏக்கர்’ என்று விளம்பரம் கொடுப்பதைப் பார்த்ததில்லையா? துண்டு துண்டாக இல்லாமல் சேர்ந்தாற்போல் கிடக்கிற நிலப்பரப்பு என்று அதற்கு அர்த்தம். அடிதடிக்கும் அந்தத் தாக்குக்கும் சம்பந்தம் இல்லை. தாழ்ந்து கிடக்கும் நிலப்பரப்பு, பள்ளத்தாக்கு. அந்தப் பொருளில் ‘தாக்கு’ தனியாகப் புழங்குவது டெல்டா மாதிரிச் சில இடங்களில்தான் மிச்சம் என்பதால் மற்ற ஊர்க்காரர்களுக்கு உங்களைப் போலவே சந்தேகம் வருகிறது, அவர்கள் கேட்டால் நியாயம்.

கூடவே ஒருவர், நடுவில் ‘த்’ எதற்கு, ‘பள்ளதாக்கு’ என்று எழுதினால் என்ன என்று கேட்டிருக்கிறார். மரம் சேர்ந்த கிளை மரக்கிளை, குளம் சேர்ந்த கரை குளக்கரை, பள்ளம் சேர்ந்த தாக்கு பள்ளத்தாக்கு. ‘ம்’ போய் வல்லினம் இரட்டிக்கும். செல்போனில் தட்டும்போது ஒரு புள்ளி எழுத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேள்வி (தமிழ் இலக்கிய மாணவர், திருநெல்வேலி): பழைய இலக்கியத்தில் பள்ளம், மேடு இரண்டுக்கும் எதிரெதிர்ச் சொற்கள் உண்டா?

பதில்: உண்டு, அதுவும் ஒரே அடியில். புறநானூற்றில் 187-ஆம் பாட்டு, ஔவையார் பாடியது, நாலே அடி.

‘நாடா கொன்றோ காடா கொன்றோ
அவலா கொன்றோ மிசையா கொன்றோ
எவ்வழி நல்லவர் ஆடவர்
அவ்வழி நல்லை வாழிய நிலனே.’

நாடாக இருந்தால் என்ன, காடாக இருந்தால் என்ன, பள்ளமாக இருந்தால் என்ன, மேடாக இருந்தால் என்ன, எங்கே ஆடவர் நல்லவராக இருக்கிறார்களோ அங்கே நிலமே நீயும் நல்லவள், நீ வாழ்க என்று நிலத்தைப் பார்த்தே பேசுகிறார். நாட்டுக்கு எதிரே காடு, அவலுக்கு எதிரே மிசை. எதிர்ச்சொல் பாடம் நடத்த இதைவிடச் சின்னதாக, இதைவிட அழகாக வேறொன்று கிடைப்பது கஷ்டம். அவல் என்றால் தாழ்ந்த இடம், மிசை என்றால் மேல், மேடு. இதில் அவல் படுகிற பாடு தனி. இன்றைக்கு அவல் என்றதும் வெல்லமும் தேங்காய்த்துருவலும்தான் ஞாபகத்துக்கு வரும், வகுப்பில் இந்தப் பாட்டை நடத்துகிற ஆசிரியர்கள் முதல் ஐந்து நிமிடம் சிரிப்பை அடக்கிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

‘விடர்’ என்றும் ஒரு சொல் உண்டு, அது மலையில் உள்ள பிளவு, வெடிப்பு. அதைப் பள்ளத்தாக்கு என்று உரை எழுதாதீர்கள், அளவு ஒத்து வராது.

கேள்வி (வாசகர், கோபிசெட்டிபாளையம்): எங்கள் ஊரில் பள்ளம் என்றால் குழி இல்லீங்க, தண்ணீர் ஓடுகிற ஓடை. சென்னையில் இருக்கிற என் பேரன் ‘பள்ளத்துல தண்ணி போகுது’ என்று நான் சொன்னால் குழியில் எப்படித் தாத்தா போகும் என்கிறான். எங்கள் பேச்சு கொச்சையா?

பதில்: கொச்சையும் இல்லை, பிழையும் இல்லை ஐயா. கொங்கு நாட்டுக்கு அது முழு உரிமை உள்ள சொல். மலையில் பெய்த மழை தாழ்ந்த இடம் பார்த்து வழி பண்ணிக்கொண்டு ஓடுகிறது, அந்த வழிக்கே பள்ளம் என்று பேர் வைத்துவிட்டார்கள். பேரனுக்கு ஈரோடு மாவட்டத்து அணைகளின் பெயரை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள், குண்டேரிப்பள்ளம், வரட்டுப்பள்ளம், பெரும்பள்ளம். ஓடாத குழிக்கு யாராவது அணை கட்டுவார்களா? இதில் வரட்டுப்பள்ளம் எனக்கு ரொம்பப் பிடித்த பெயர். வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடந்தாலும் ஓடை ஓடைதான் என்று ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுக்காமல் பெயர் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் பேச்சில் பள்ளத்துக்கு எதிர் என்ன என்று பார்த்தால் அதுவும் சுவாரசியம். ஓடைக்கு எதிர்ச்சொல் கிடையாது. ஆனால் பள்ளத்துத் தண்ணீர் எட்டாத, மானத்தைப் பார்த்து வெள்ளாமை பண்ணுகிற நிலத்துக்கு மேட்டாங்காடு என்று ஒரு பெயர் வைத்திருக்கிறீர்களே, விவசாயிக்கு அதுதான் எதிர். எவ்வளவு உயரம் என்பது அங்கே கணக்கு இல்லை, தண்ணீர் ஏறுமா ஏறாதா என்பதுதான் கணக்கு.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): மடு, பள்ளம் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரே ஆள் இல்லை. மடு என்றால் ஆற்றிலோ குளத்திலோ ஆழமான இடம், தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். பள்ளத்துக்குத் தண்ணீர் கட்டாயமில்லை. இரண்டையும் சேர்த்தே பெயராக வைத்துக்கொண்ட பள்ளமடு உங்கள் மன்னார் மாவட்டத்தில் இருக்கிறது.

கேள்வி (வாசகி, சேலம்): மலைத்தொடருக்கு நடுவே தாழ்ந்த நிலம்தான் பள்ளத்தாக்கு என்றால் சிந்து எப்படிச் ‘சமவெளி’ நாகரிகம் ஆனது? ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கு என்றுதானே இருக்கிறது?

பதில்: கூர்மையான கேள்வி. நம் பள்ளத்தாக்குக்கு மலை வேண்டும், ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஒரு பெரிய ஆறும் அதன் இரு கரை நிலமும் சேர்ந்த பரப்புக்கும் ஓடும். மொகஞ்சதாரோவில் நின்று சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை வண்டல் தரை. அங்கே பள்ளத்தாக்கு என்று எழுதியிருந்தால் பிள்ளைகள் மலை எங்கே என்று தேடியிருப்பார்கள். பாடப் புத்தகம் எழுதிய யாரோ ஒரு புண்ணியவான் அகராதியைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்து ‘சமவெளி’ என்று போட்டார், ‘சிந்துவெளி’ என்று சுருக்கியும் சொல்கிறோம். நதிப்பரப்பு என்கிற பொருளில் வரும்போது சமவெளி, படுகை, வடிநிலம் என்று இடத்துக்குத் தகுந்தபடி எழுதுவதுதான் சரி.

அதே சமயம் காஷ்மீரைப் பள்ளத்தாக்கு என்பதில் தப்பே இல்லை. ஒரு பக்கம் பெரிய இமயமலைத் தொடர், இன்னொரு பக்கம் பீர் பஞ்சால் தொடர், நடுவே ஜீலம். இலக்கணத்துக்கு எழுதி வைத்த மாதிரி இருக்கிறது.

கேள்வி (போட்டித் தேர்வு எழுதுகிறவர், தென்காசி): கணவாயும் பள்ளத்தாக்கும் ஒன்றா? மாதிரி வினாத்தாளில் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

பதில்: ஒன்றில்லை. பள்ளத்தாக்கு மலைகளுக்கு நடுவே அவற்றோடு நீளவாக்கில் போவது, கணவாய் மலைத்தொடரைக் குறுக்கே கடக்க விடுகிற வழி. செங்கோட்டைக் கணவாய் உங்கள் ஊர் வாசலிலேயே இருக்கிறதே, அதன் வழியாகத்தான் ரயில் கொல்லம் போகிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டுக்கும் இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் இடம் விட்டு நிற்கிறது, அது பாலக்காட்டுக் கணவாய். அந்த வாசல் திறந்திருப்பதால்தான் தென்மேற்குப் பருவக்காற்று கோவை, பொள்ளாச்சி, உடுமலை வரை உள்ளே வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அதே காற்றுதான் காற்றாலைகளைச் சுற்றுகிறது. கணவாயில் ஊர் இருக்கலாம், ஆறும் ஓடலாம், குழப்பம் வருவதே அதனால்தான். மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போக முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். போக முடிந்தால் கணவாய்.

‘கணவாய்க்கு இன்னொரு பொருள் எழுதுக’ என்று கேட்டால், தூத்துக்குடி மீன் மார்க்கெட்டில் ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய் என்று ரகம் பிரித்து விற்பதை எழுதிவிட்டு வாருங்கள்.

கேள்வி (புவியியல் மாணவி, திருச்சி): பிளவுப் பள்ளத்தாக்குக்கு எதிரான நிலவடிவம் உண்டா, அல்லது அதுவும் ‘நாற்காலி’ கதைதானா?

பதில்: உண்டு. மொழியில் தேடிக் கிடைக்காத எதிர்ச்சொல் நிலவியலில் கச்சிதமாகக் கிடைக்கிறது. பூமியின் மேலோட்டில் இரண்டு விரிசல் ஏறக்குறைய இணையாக விழுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலம் அப்படியே கீழே இறங்கினால் பிளவுப் பள்ளத்தாக்கு. நடுத்துண்டு நின்றுகொண்டு இரண்டு பக்கமும் இறங்கினாலோ, நடுத்துண்டே மேலே ஏறினாலோ பிண்ட மலை. ஒரே வேலையின் இரண்டு முடிவுகள் என்பதால் இவற்றை எதிரெதிர் என்று தாராளமாகச் சொல்லலாம், உங்கள் தேர்வுத்தாளில் யாரும் அடிக்க மாட்டார்கள்.

நர்மதை ஓடுவது அப்படி இறங்கிய நிலத்தில்தான், வடக்கே விந்தியம், தெற்கே சாத்பூரா. தீபகற்பத்தின் பெரிய ஆறுகளில் கோதாவரி, கிருஷ்ணா, காவிரி எல்லாம் கிழக்கே போக, நர்மதையும் தபதியும் மட்டும் மேற்கே திரும்புகின்றன, அதற்கும் இந்தப் பிளவுதான் காரணம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மற்றபடி ஆறு அரித்து உண்டாக்குகிற பள்ளத்தாக்கு மலையில் ‘வி’ எழுத்து மாதிரி குறுகலாகவும், பனியாறு வழித்துப் போட்டது ‘யு’ எழுத்து மாதிரி அடி அகன்றும் இருக்கும்.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): விவிலியத்தில் ‘மரண இருளின் பள்ளத்தாக்கு’ வருகிறது. அங்கே அதற்கு எதிரே என்ன வைக்கிறார்கள்?

பதில்: அந்தச் சங்கீதத்தில் (விவிலியத்தில் துதிப்பாட்டுக்கு அப்படிப் பேர்) எதிர் எதுவும் வைக்கவில்லை, பள்ளத்தாக்கில் நடந்தாலும் பயப்பட மாட்டேன் என்று போய்விடுகிறது. ஏசாயா 40-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ‘பள்ளமெல்லாம் உயர்த்தப்பட்டு, சகல மலையும் குன்றும் தாழ்த்தப்பட்டு’ என்று வருகிறது. அங்கே பள்ளத்துக்கு எதிரே நிற்பது மலையும் குன்றும், மேடு இல்லை. தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதையிலும் இந்தப் பக்கத்து மலையில் ஒரு படை, அந்தப் பக்கத்து மலையில் ஒரு படை, நடுவே ஏலா பள்ளத்தாக்கு. மதுரைப் பையனுக்கு இரண்டு சாட்சி கிடைத்துவிட்டது.

கேள்வி (வாசகி, பாலக்காடு): மலையாளத்தில் தாழ்வர என்கிறார்கள். நம் தாழ்வாரமும் அதுவும் ஒன்றா?

பதில்: வீட்டுத் தாழ்வாரத்தை அதில் சேர்க்காதீர்கள், அது கூரை தாழ்ந்து இறங்குகிற இடம். தமிழில் தாழ்வரை என்று ஒரு சொல் இருக்கிறது, மலையின் அடிவாரம் என்று பொருள், வரை என்றால் மலை. மலையாளத்துத் தாழ்வர அதன் உடன்பிறப்பு, அடிவாரத்திலிருந்து இன்னும் கொஞ்சம் இறங்கிப் பள்ளத்தாக்கே ஆகிவிட்டது. உங்கள் மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேப்பரில் நிறையப் படித்திருப்பீர்கள், மின்திட்டம் கைவிடப்பட்டு 1984-ல் தேசியப் பூங்கா ஆன காடு. அந்தக் காட்டுக்குப் பழைய பெயர் சைரந்திரி வனம். விராடன் அரண்மனையில் மறைந்திருந்தபோது பாஞ்சாலி வைத்துக்கொண்ட பெயர் சைரந்திரி, அங்கே ஓடுகிற ஆற்றின் பெயர் குந்திப்புழை. மாமியாரும் மருமகளும் ஒரே காட்டில் இருந்தும் அமைதி என்று பெயர் வாங்கியிருக்கிறது.

கேள்வி (ஐ.டி. ஊழியர், சென்னை): ‘சிலிக்கான் வேலி’ என்று தமிழ்ப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எனக்கு முள்வேலிதான் ஞாபகம் வருகிறது. நிஜமாகவே அங்கே பள்ளத்தாக்கு இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. கலிபோர்னியாவில் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு, ஒரு பக்கம் சாண்டா குரூஸ் மலை, இன்னொரு பக்கம் டையப்லோ மலைத்தொடர். சிப் கம்பெனிகள் வருவதற்கு முன்னால் பழத்தோட்டங்களுக்குப் பேர்போன இடம். சிலிக்கானைச் சேர்த்த பெயர் 1971-ல் ஒரு மின்னணுத் துறைப் பத்திரிகையில் அச்சேறிப் பரவியது. நீங்கள் சிலிக்கான் பள்ளத்தாக்கு என்றே எழுதலாம், யாருக்கும் புரியாமல் போகாது. வேலி என்றுதான் எழுதுவேன் என்றால் தஞ்சாவூர்க்காரர்கள் அதை 20 மா, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு என்று கணக்குப் போட்டு, அங்கே வேலி என்ன விலை என்று உங்களிடமே விசாரிப்பார்கள்.